பத்துக்கு நாற்பத்து மூன்று

ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தில் அவர் நிற்கும் இடத்தை வைத்தே கும்மிடிப்பூண்டியில் மேம்பாலப் படி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மற்றவர்கள் ஏறுவதற்கு வசதியான இடத்தில் நிற்பார்கள். அவர் இறங்குவதற்கு வசதியான இடத்தில் நிற்பார். அங்கே கூரை கிடையாது. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு, காற்றும் சேர்ந்தால் நனைந்துகொண்டு, அதே இடத்தில்தான்.

நான் கூரைக்கு அடியில் நிற்கிற ஆள். சளி பிடித்தால் எனக்கு எளிதில் விடாது. ஒரு நாள் மனசு கேட்காமல் போய், “இப்படி நனையறீங்களேம்மா, இந்தப் பக்கம் வந்து ஏறினா என்ன?” என்று கேட்டேன்.

“நனைஞ்சா காஞ்சிரும் சார். அங்க ஏறினா, எறங்கி அந்தக் கோடியிலருந்து இந்தக் கோடிக்கு நடக்கணும். அந்த வலி சாயங்காலம் வரைக்கும் போவாது” என்றார்.

அப்போதுதான் காலைக் கவனித்தேன். இடது தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல்பட்டையுமாகக் காலிபர். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதம். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழில் எஸ்டேட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஆய்வகப் பொறுப்பாளர். நான் அதே எஸ்டேட்டில் பல்சக்கரம் வெட்டும் ஆலையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் ஒரு சிறு பட்டறைக்குப் பல் சோதித்துக் கொடுக்கப் போய்வந்துகொண்டிருந்தேன். பையில் எப்போதும் இரண்டு மூன்று பல்சக்கரங்கள் செய்தித்தாளில் சுற்றி இருக்கும். ரயிலில் எடுத்து எண்ணுவேன். எண்ணியதையே சந்தேகம் வந்து மறுபடி எண்ணுவேன். அதைப் பார்த்துச் சிரித்துத்தான் அவர் என்னோடு பேச ஆரம்பித்தார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. இப்போது வேறு மாநிலத்தில், வேறு ஆலையில் இருக்கிறார். பெயர் எழுதினால் எப்படியாவது தகவல் போய், “முடிவு என்னான்னு எழுதியிருக்கீங்க? மொதல்ல அதக் காட்டுங்க” என்று போன் செய்வார்.

எதையும் முடிவிலிருந்து தொடங்குவது அவர் சுபாவம். கல்யாண வீட்டுக்குப் போனால் திரும்பி வரக் கடைசி பஸ் எப்போது என்று விசாரித்துவிட்டுத்தான் மணமக்களைப் பார்ப்பார். டிவி தொடரில் கதாநாயகி கடைசியில் என்ன ஆகிறாள் என்று யாராவது சொன்னால்தான் முதல் வாரத்தையே பார்ப்பார். பிற்பாடு கார் வாங்கியதும், ஆலையில் அதை மூக்கு வாசலைப் பார்த்திருக்கும்படி நிறுத்துவார். பின்னால் எடுத்து நிறுத்துவதற்குள் காவலாளிக்குப் பொறுமை போய்விடும்.

இது சில சமயம் சிரிப்பாக இருக்கும். சில சமயம் கூட இருப்பவர்களைத் தலைகுனிய வைக்கும். தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இவர் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, “நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஒத்து வரலன்னா எங்க பொண்ண யாரு கூட்டினு வந்து உடுவீங்க?” என்று கேட்டிருக்கிறார். இதை என்னிடம் சொன்னது அவருடைய தாயார். சொல்லும்போதே தலையில் அடித்துக்கொண்டார்.

“எனுக்கு அப்பிடியே பூமி பொளந்து உள்ள போய்டலாம் போல இருந்துச்சு சார். ஆனா அந்தம்மா இன்னா சொல்லிச்சு தெரியுமா? ‘நானே கூட்டினு வந்து உடறேம்மா, அப்பிடியே உங்கூட்ல ஒரு வேள சாப்ட்டுட்டுப் போறேன்’னுச்சு. ஒடனே இவ, ‘இந்த எடமே முடிச்சிருங்கம்மா’ன்றா!”

தங்கை அந்த வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் இவரையே பெண் பார்க்க வந்தவரிடம், “எழுபது வயசுல இந்தக் கால் சுத்தமா நடக்காது. அப்போ தூக்கி உக்கார வெப்பீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகப் போனார். இன்னும் கலந்துகொண்டிருக்கிறார் என்பார் இவர்.

அவருக்காக, இந்தக் கட்டுரையின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு கார்ப் பந்தயம் வரும். அதில் அவர் கோப்பை ஜெயிக்கவில்லை. அதற்காக நான் இதை எழுதவும் இல்லை.

கார் விஷயம் டிராக்டரில் தொடங்கியது. அவர்கள் நெல் விளைகிற நிலம் உள்ள குடும்பம். வீட்டில் எல்லோரும் டிராக்டர் ஓட்டினார்கள், தங்கை உட்பட. இவரால் முடியாது. கிளட்சை இடது காலால் மிதிக்க வேண்டும். மட்கார்டின் மேல் உட்கார்ந்து போவதோடு சரி. ஆட்டோமேட்டிக் காரில் கிளட்சே இல்லை, வலது கால் ஒன்று போதும் என்று தெரிந்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் சின்னதாக, சாதுவாக ஒன்று வாங்கச் சொன்னார்கள். அவர் வாங்கியது அந்தக் காலத்து நீள மூக்குக் கார். பின்சக்கரம் தள்ளுகிற வகை. முந்தைய சொந்தக்காரர் அதில் ஆறு சிலிண்டர் ஜப்பான் இஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் போட்டுவிட்டு, பாதியில் அலுத்துப்போய் விற்றுவிட்டார். மீதிப் பாதியை இவர் முடித்தார். அதன் பிறகு ரயிலுக்கு வருவதில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். நான் சீட் பெல்ட்டைப் போட்டு, அது மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பேன். “சார், நாம இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல” என்பார்.

எங்கள் மாவட்டத்தில் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. கார்ப் பிரியர்கள் சங்கம் ஒன்று அனுமதி வாங்கி அங்கே அவ்வப்போது பந்தயம் நடத்தும். நேர்கோட்டில் கால் மைல். இரண்டிரண்டு கார்களாக நிறுத்தி விடுவார்கள். இவர் பெயர் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். சங்கத்தின் செயலாளர் நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததுதான் தொந்தரவு.

“சிஸ்டர், உங்களுக்குன்னு லஞ்ச் டயத்துல தனியா ஒரு ரன் வெச்சிருக்கோம். லேடீஸ் டெமோ. பக்கத்துல யாரும் ஓட மாட்டாங்க, பயமே வேணாம். எல்லாரும் கை தட்டுவாங்க. கிஃப்ட் வேற இருக்கு.”

“பக்கத்துல யாரும் ஓடலன்னா அது இன்னா சார் ரேஸு?”

அவர் தலையைச் சொறிந்தார். காலையில் நடக்கும் சோதனை ஓட்டத்தில் பதினாலு நொடிக்குள் வந்தால் மற்றவர்களோடு போட்டியில் சேர்ப்பதாகவும், எல்லோருக்கும் அதே விதிதான் என்றும் சொன்னார். இவர் சரி என்றார். நாலு வருஷமாக வேடிக்கை பார்க்கப் போய், ஒவ்வொரு முறையும் காரைத் தனியாக ஒருமுறை ஓட்டிக் காட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தவர். அது அவருக்கு எவ்வளவு உறுத்திக்கொண்டிருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் பின் அச்சைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் பினியன் என்று ஒரு சிறு பல்சக்கரம். அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். கிரவுன்தான் பின்சக்கரங்களைச் சுற்றுகிறது. பினியனில் ஒன்பது பல், கிரவுனில் நாற்பத்தொரு பல் என்றால், தண்டு நாலரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். இந்த விகிதம் பெரிதானால் கார் பாய்ந்து கிளம்பும், ஆனால் இஞ்சின் சீக்கிரம் மூச்சு முட்டும். சிறிதானால் கிளம்பும்போது சோம்பும், ஆனால் வேகத்தில் நிதானமாக ஓடும். மெக்கானிக்குகள் இதை விகிதமாகச் சொல்வதில்லை. பல்லைச் சொல்வார்கள்: ‘ஒம்பது நாப்பத்தொண்ணு’, ‘எட்டு முப்பத்தேழு’ என்று.

அவர் காரில் போட்டிருந்தது ஒன்பது நாற்பத்தொன்று. கணக்கு அவருடையது. வழக்கம்போல் முடிவிலிருந்துதான் போட்டிருந்தார். பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது கார் மணிக்கு நூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் போகும். கியர்பாக்ஸ் அப்போது மூன்றாவது கியரில், நேர் இணைப்பில் இருக்கும். அப்படியானால் இஞ்சின் ஆறாயிரத்துச் சொச்சம் சுற்றில் இருக்க வேண்டும். ஆறாயிரத்து நானூறு வந்தால் ஆட்டோமேட்டிக் கியர் தானாக நாலாவதுக்கு மாறிவிடும். அதற்கு முன்பே கோடு வந்துவிடுகிறது. இஞ்சினின் முழுச் சக்தியும் பயன்படுகிறது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

ஓடுதளத்தில் பதினாலு புள்ளி ஒன்று வந்தது.

கிளம்பும்போதே ஒற்றைப் பின்டயர் மட்டும் புகைந்து வழுக்கியது. கடைசியில் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இஞ்சின் சத்தம் பொத்தென்று அடங்கியது. நாலாவது கியருக்கு மாறிவிட்டது. செயலாளர் வந்து, “ஜஸ்ட் மிஸ் சிஸ்டர். டெமோ இருக்கே!” என்றார். பிறகு தயங்கி, அடுத்த கூட்டத்திலும் நேரம் வராவிட்டால் அதற்குப் பிறகு சோதனை ஓட்டத்துக்கு இடம் தர முடியாது, வரிசை நீளம், நேராக டெமோதான் என்றும் சொன்னார்.

நான் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மதியம் டெமோ ஓடினார். கைதட்டினார்கள். பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். வழியில் நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போக, “டெமோவுக்கு எதுக்கு ஓடினேன்னு நெனைக்கிறீங்க? மீட்டருக்கு முன்னாடி போனக் கட்டி வீடியோ எடுக்க இன்னொரு சான்ஸ் கெடச்சுது சார்” என்றார்.

அவர் தாயாருக்கு ஹாட்பாக்ஸ் மிகவும் பிடித்திருந்தது. “நல்லா கனமா கீது. இன்னொண்ணு வாங்கினு வந்தியானா சோத்துக்கு ஒண்ணு, கொழம்புக்கு ஒண்ணு ஆயிரும்” என்றார். மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மறுநாள் சீனுவின் கொட்டகையில் கூடினோம். சீனு கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் பின் அச்சு வேலை மட்டும் செய்கிறவன். லாரி, வேன், எதுவானாலும் பின்பக்கம் மட்டும்தான் பார்ப்பான். என்னை நைனா என்று கூப்பிடுவான்.

“இன்னா நைனா, அக்காவ இப்பிடித் தோக்க உட்டுட்டு வந்துக்கிறியே” என்று என்மேல் பாய்ந்துவிட்டு, அவரிடம் திரும்பினான். “அக்கா, பேஜாரே வேணாம். எட்டு முப்பத்தேழு ஒரு செட்டு கீது. இன்னும் பெரிய ரேஷியோ. போட்டா வண்டி பறக்கும்க்கா.”

“எங்க பறக்கும்?”

“ஸ்டார்ட்டிங்லதான்க்கா!”

“டைமர எங்க வெச்சிக்கிறான்?”

“கடசீல.”

“அப்ப கடசீலருந்து சொல்லு.”

சீனு என்னைப் பார்த்தான். நான் பல்லை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“சரி, வேற வழி சொல்றேன். அந்த ஆறாயிரத்து நானூறு லிமிட்ட எடுத்துட்டு ஏழாயிரத்துக்குத் தூக்கிடலாம். கியரு மாறவே மாறாது.”

“இஞ்சின் எகிறிச்சுன்னா?”

“எகிறாதுக்கா. எகிறினா பாத்துக்கலாம்.”

“ஓட்டம் முடிஞ்சு ஊட்டுக்கு இதுலதான்டா போவணும்” என்றார். அவரைப் பொறுத்தவரை கோடு ஓடுதளத்தின் முடிவு மட்டும்தான். அன்றைய நாளின் முடிவு ஆரம்பாக்கத்தில், அவர் வீட்டு வாசலில் இருந்தது.

பிறகு போனை எடுத்து வீடியோவைக் காட்டினார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வேகம் நூற்று ஐம்பத்தொன்பது வரும்போது முள் ஆறாயிரத்து நானூறைத் தொட்டு, விழுகிறது. பல் கணக்குப்படி அந்த வேகத்தில் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்க வேண்டும். கூடுதலாக வந்த முந்நூற்றுச் சொச்சம் சுற்று எங்கிருந்து வந்தது? நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். டயரின் அளவைக்கூட மறுபடி எடுத்தேன். கணக்கில் பிழை இல்லை.

அவர்தான் சொன்னார். “சார், இது கிளட்ச் வண்டி இல்லியே. நடுவுல கன்வெர்ட்டர் கீதே.”

ஆட்டோமேட்டிக் காரில் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரும்பு இணைப்பு இல்லை. எண்ணெய் நிறைந்த உருண்டைக்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே இருக்கும். இஞ்சின் ஒன்றைச் சுற்றும். அது தள்ளும் எண்ணெய் மற்றதைச் சுற்றும். முழு வேகத்தில்கூட முதல் விசிறி கொஞ்சம் அதிகமாகவும் இரண்டாவது கொஞ்சம் குறைவாகவும்தான் சுற்றும். வாழ்நாளெல்லாம் பல்சக்கரத்தோடு இருப்பவர்கள் கணக்குப் போட்டால் அந்த வழுக்கல் விட்டுப்போகும். எண்ணுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. எண்ணெய்க்குப் பல் கிடையாது.

“அப்ப என்னா பண்றது?” என்றேன்.

“கொறைக்கலாம்.”

“எத?”

“ரேஷியோவ. பத்து நாப்பத்தி மூணு போட்டா, வழுக்கல சேத்தாலும் கோட்டுல ஆறாயிரத்து நூறுதான் வரும். மூணாவது கியர்லயே முடிஞ்சிரும்.”

சீனு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். “அக்கா, தோத்துட்டு வந்து ரேஷியோவ ஏத்துறவன பாத்துக்கிறேன். எறக்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன். ஸ்டார்ட்டிங்ல மாட்டு வண்டி மாரி போவும்!”

“ஸ்டார்ட்டிங்ல அந்த ரெண்டு வெசிறியே தள்ளும் சீனு. நின்ன எடத்துல கன்வெர்ட்டர் இழுவைய ரெண்டு மடங்கு ஆக்கிக் குடுக்குது. அதனாலதான் டயர் புகஞ்சுது. தேவைக்கு மேல இழுத்துக்கினு நிக்கறோம்.”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பழைய விகிதத்துக்கும் புதியதற்கும் வித்தியாசம் தண்டின் கால் சுற்று. கையால் சுற்றிப் பார்த்தால் கண்ணுக்குக்கூடப் படாது. அதை நம்பித்தான் கடைசி வாய்ப்பு. மாற்றிப் போட்டுப் பார்க்க நேரமும் இல்லை. புதுக் கிரவுனும் பினியனும் போட்டால் முதல் ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் தேய்ந்து ஊளையிடும். அடுத்த கூட்டத்துக்குள் ஒரு செட்டைத்தான் பழக்க முடியும். “டயர மாத்திப் பாக்கலாமேம்மா? கொஞ்சம் பெருசா?” என்று இழுத்தேன்.

“மட்கார்டுல ஒரசும் சார். பத்து நாப்பத்தி மூணு” என்றார்.

சென்னையில் கார் உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டைக்கு அவரே ரயிலில் போய் வாங்கிவந்தார். அன்றைக்கும் ஆரம்பாக்கத்தில் அதே கூரையில்லாத இடத்தில் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். சென்னையில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று யாரிடமாவது கேட்டு, அதற்கு ஏற்ற மாதிரி வேறு இடத்தில் நின்றாரோ என்னவோ.

கிரவுனும் பினியனும் ஒன்றாகத் தேய்த்துப் பிறந்த ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். வேறு ஜோடியோடு சேர்த்தால் சேராது. நான் எண்ணைப் பார்த்தேன், பல்லை எண்ணினேன். சீனு, “நைனா, நேத்து எண்ணினப்ப இருந்ததுதான் இன்னிக்கும் இருக்கும்” என்றான். பொருத்தியதும் பல்லில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிப் பார்த்தோம். பல் எந்த இடத்தில் பல்லைத் தொடுகிறது என்று பசை காட்டிவிடும். முதல் முறை ஓரத்தில் தொட்டது. பிரித்து, மெல்லிய தகடு ஒன்றைச் சேர்த்தோம். மறுபடியும் ஓரம். மறுபடி பிரித்தோம். சீனு, “லாரிக்கு இதுவே ஓவரு நைனா, மூடிர்லாம்” என்று கெஞ்சினான்.

காலிபரின் பூட்டைத் தளர்த்திவிட்டு ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தவர், “சார் சரின்னு சொல்ற வரைக்கும் மூடாத. எனுக்கு ஆபீஸ் லீவு. உனுக்கு நாஷ்டா நான் வாங்கித் தரேன்” என்றார். சீனு பூரி கேட்டான். தடம் பல்லின் நடுவில் வந்து உட்கார்ந்தபோது பூரி ஆறிப்போயிருந்தது.

அடுத்த நாட்களில் நெடுஞ்சாலையில் இஞ்சினை வதைக்காமல் மெதுவாக ஓட்டினார். அவ்வளவு பெரிய இஞ்சின் உள்ள காரைத் தண்ணீர் லாரி முந்தியது, ஷேர் ஆட்டோ முந்தியது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, “இன்னா மேடம், தள்ளணுமா?” என்று கேட்டார். “வேணாம்ணா, நீங்க போங்க, ஞாயித்துக்கெழம பாக்கலாம்” என்றார் இவர். நான் ஒவ்வொரு பயணத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு பின்பக்கம் ஊளை கேட்கிறதா என்று கவனித்தேன். என் காதில்தான் ஏதோ இரைந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனி விலகுவதற்கு முன்பே ஓடுதளத்தில் இருந்தோம். சீனு ஜாக்கியும் சாவிகளும் எடுத்து வந்திருந்தான். பந்தயத்தில் ஆட்டோமேட்டிக் காரைக் கிளப்புகிறவர்கள் இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு வலது காலால் இஞ்சினை ஏற்றுவார்கள். விளக்கு மாறியதும் பிரேக்கை விடுவார்கள். இவருக்கு அந்தக் கால் உதவாது. கைப்பிரேக்கை இடது கையால் இறுக இழுத்துப் பிடித்து இஞ்சினை ஏற்றுவார். விளக்கு மாறியதும் கையை விடுவார். தோள்பட்டை ஒரு வாரம் வலிக்கும்.

விளக்கு மாறியது. எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. புகை இல்லை, டயர் கத்தல் இல்லை. கார் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிளம்பியது. சீனு, “போச்சு, மாட்டு வண்டி” என்றான். ஆனால் இஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கோடு வரைக்கும் அடங்கவேயில்லை.

ஒலிபெருக்கியில் பதின்மூன்று புள்ளி ஒன்பது என்று சொன்னார்கள். சீனு என் கையைப் பிடித்து முறுக்கிய முறுக்கில் என் கைக்கடிகாரப் பட்டை அறுந்தது.

முதல் சுற்றில் அவருக்கு எதிராக ஓட வேண்டியவன் ஒரு வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரன். இருபத்தைந்து வயது இருக்கும். ஓட்டத்துக்கு ஜோடியாக வரிசையில் நிற்கிற நேரத்தில் அவன் செயலாளரிடம் போய் ஏதோ சொல்வது தெரிந்தது. செயலாளர் கைகளைப் பிசைந்துகொண்டு எங்களிடம் வந்தார்.

“சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. போன தடவ உங்க வண்டி ஒத்த டயர்ல புகஞ்சுது. இந்தத் தடவ புகையே இல்ல. பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் தனித்தனியா சுத்த விடற டிஃபரன்ஷியல வெல்டு வெச்சு ரெண்டு சக்கரத்தையும் பூட்டிட்டீங்கன்னு அந்தப் பையன் சந்தேகப்படறான். இந்தக் கிளாஸ்ல அது கூடாது. நா வேணா பேசி அனுப்பிடறேன். நீங்க பொம்பள—”

“என்ன சார் அநியாயம்!” என்று நான் கத்திவிட்டேன். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. “காலையிலருந்து வெயில்ல நின்னுக்கிட்டு இருக்காங்க. ஒரு பொம்பளைய நிக்க வெச்சு...”

“சார், நீங்க சும்மா இருங்க” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. “யாரும் பேசி அனுப்ப வேணாம். சோதிங்க. நல்லா சோதிங்க. சீனு, ஜாக்கி எடு!”

காரின் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். கூட்டம் கூடியது. காலை வெயில் தலையில் அடித்தது. நாற்காலி போட்டார்கள், அவர் உட்காரவில்லை. சோதனையாளர் குனிந்து வலது சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றினார். பூட்டியிருந்தால் இடது சக்கரமும் கூடவே முன்பக்கம் சுற்ற வேண்டும். இடது சக்கரம் மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றியது. இன்னொரு முறை சுற்றினார். மறுபடியும் பின்பக்கம்.

“இன்னொரு வாட்டி சுத்துங்க சார், பின்னாடி நிக்கறவங்களுக்குத் தெரியல” என்றார் இவர்.

சோதனையாளர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “ஓப்பன்தான், பூட்டல. வண்டி சுத்தம்” என்றார். ஜாக்கியை இறக்கினார்கள். அந்தப் பையன் முகம் சிவந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

“சாரிக்கா. டைம் பாத்தேன், பயந்துட்டேன். அதான் அப்பிடிச் சொல்லிட்டேன்.”

“சாரி எதுக்குடா?” என்றார் அவர். இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்து, இருக்கையில் நகர்ந்து உட்கார்ந்தார். “நாலு வருசமா எல்லாரும் எனுக்குக் கை தட்டிக்கினே இருந்தாங்க. என்னப் பாத்து பயந்தவன் நீ ஒருத்தன்தான்.”

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியை இறக்கினார்.

“போ, போய் வண்டியக் கோட்டுல நிறுத்து.”